சம்பளம் ஏறிய தீபாவளியும் கறிக்கடை பாயின் கூலியும்

ரப்பர் புகைக்கூடத்து வாடை எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. ஆனால் அன்று காஜா பெராங் தெருவில் அந்த வாடையோடுதான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தோம். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம்... எங்கள் ஃபேக்டரியில் சம்பளம் ஏறிவிட்டது!

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு அது தலைதீபாவளி. "மச்சான், நம்ம வீட்ல ஆட்டுக்கறி விருந்து!" என்று அக்கா வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அப்பா இல்லாத வீடு. சொன்னபடி நடக்காவிட்டால் அம்மாவுக்குத்தான் தலைகுனிவு.

மார்க்கெட்டுக்குப் போனால்... கறிக்கடை பாய் விலையை ஏற்றி வைத்திருக்கிறார்!

"என்ன பாய் இது?"

"ஒங்களுக்குச் சம்பளம் ஏறுனது ஊருக்கே தெரியுது தம்பி. ஆட்டுக்காரன் காதுல மட்டும் விழாதா? அவன் ஏத்திட்டான், நானும் ஏத்திட்டேன்."

வந்ததே கோபம்! அன்று மாலையே எங்கள் வரிசையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லோரும் சேர்ந்து ஒரு முழு ஆட்டையே வாங்கிக் கூறு போட்டுக்கொள்வோம் என்றேன். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவின் குடும்பம் பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து மலாய் பேசும் குடும்பம், அவருக்குத் தமிழ் வராது. "சாயா பூன் மாவ்" என்று மலாயில் சொல்லித் தனக்கும் ஒரு பங்கு கேட்டார்.

புக்கிட் ரம்பாய் கிராமத்தில் ஒரு ஆடு விலை படிந்தது. கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். நானும் என் கூட்டாளியும் கிளேபாங் வழியாக நடத்தியே கூட்டி வந்தோம். வழியெல்லாம் பிள்ளைகள் கூட்டம்... மெர்டேக்கா ஊர்வலம் தோற்றது போங்கள்!

வாசலில் கட்டிய பிறகுதான் அம்மா கேட்டார்.

"ஆடு சரிடா... அறுக்கிறது யாரு?"

எங்கள் வரிசையில் கோழி அறுக்கக்கூட ஆளில்லை. அத்தனை பேரில் ஒருவருக்கும் அந்த நினைப்பே வரவில்லை! விடிந்தால் தீபாவளி. வேறு வழியில்லாமல் அந்தப் பாயையே கூட்டி வர ஓடினேன்.

பாய் ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அறுக்கலாம் தம்பி. ஆனா கூலி ஏறிப்போச்சு. ஒங்க சம்பளம் மட்டும்தான் ஏறணுமா?"

அம்மாதான் சிரித்துக்கொண்டே, "கூலியும் வாங்கிக்குங்க பாய், நாளைக்குப் பிள்ளைங்களோட சாப்பிடவும் வந்துடுங்க" என்றார்.

வந்தாரே! தன் கையால் அறுத்த ஆடு என்பதால் யோசிக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டார். பக்கத்து இலையில் மச்சான், குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கினார். அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இப்போதும் குறைந்தபட்சச் சம்பளம் ஏறுகிறது என்று செய்தி வந்தால் என் பேரன் குதிக்கிறான். நானும் சேர்ந்து குதிக்கிறேன், ஆசை யாரை விட்டது? கொஞ்ச நாளில் செங் பக்கம் இருக்கும் சூப்பர்மார்க்கெட்டில் விலைச்சீட்டு மாறிவிடுகிறது. யார் மாற்றினார்கள் என்று தெரியாது. முறைத்துப் பார்க்க ஒரு முகமில்லை...

சண்டை போட்ட கையோடு வீட்டுக்குச் சாப்பிட வாங்க என்று நான் யாரைக் கூப்பிடுவது?