புரியாததுபோல் இருந்த ஆறு நாட்கள்

என் தங்கைக்கு ஐந்து வயதில் எத்தனையோ வார்த்தைகள் தெரியும். எல்லாம் கையில்தான். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது, அதனால் வாய்ப்பேச்சும் வரவில்லை. ஆனால் வீட்டில் யார் யார்மேல் கோபமாக இருக்கிறார்கள், எதிர்வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டிருக்கிறது, எந்தக் குட்டி நொண்டுகிறது என்பதையெல்லாம் எனக்கு முதலில் சொல்வது அவள்தான். நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டித் துணி அளந்தால் அப்பா. எங்களுக்கு உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை. மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. வயிற்றுக்கு முன்னால் பெரிதாக ஒரு வளைவு போட்டால் பெரியப்பா. அதை அவர் எதிரிலேயே போடுவாள். தன்னைத்தான் சொல்கிறாள் என்று தெரியாமல் அவரும் சேர்ந்து சிரிப்பார். முன்கையைக் கிள்ளி உதறினால் கட்டெறும்பு. அதையே கன்னத்தில் செய்தால் பல்வலி, குதிகாலில் செய்தால் புதுச் செருப்பு கடிக்கிறது. யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அவளும் நானுமாக உண்டாக்கிக்கொண்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

இதைத்தான் நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து, நோட்டுப் போட்டு எழுதி, ஒழித்துக்கட்டினோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் நானும் இருக்கிறேன்.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் இப்படி ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் எங்கே போய் நிற்பாள்? ஊருக்குப் போனால், கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று கேட்டார்கள். நாக்கில் வசம்பைத் தேய்த்தார்கள். அத்தை, இந்தப் பிள்ளை இருக்கிற வீட்டில் மூத்தவளை எவன் கட்டுவான் என்று என்னைக் காட்டிக் கேட்டாள். அப்பா காலையில் கடைக்குப் போனால் எல்லாரும் தூங்கிய பிறகு வருகிறவர். திருச்செந்தூருக்கு நேர்ந்துகொள்வது தவிர அம்மாவுக்கு வேறு வழி யாரும் சொல்லவில்லை.

அந்த நிலையில் கடைக்குப் புடவை எடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர், அபிராமபுரத்தில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார், வெளிநாட்டில் படித்தவர், காது கேட்காத குழந்தைகளைப் பேசவைக்கிறார் என்று சொன்னார். காசு வாங்கமாட்டாராம். அம்மா மறுநாளே எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டின் கார் ஷெட்தான் வகுப்பு. சுவரில் பெரிய கண்ணாடி, மேஜையில் ஒரு மெழுகுவர்த்தி. குழந்தை ‘ப’ என்று சொன்னால் சுடர் ஆட வேண்டும். டீச்சரம்மா ஒரு குழந்தையின் கையைத் தன் தொண்டையில் வைத்து ஒரே எழுத்தை நாற்பது தடவை சொல்வார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நல்லவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கோபத்தை வைக்க ஒரு சௌகரியமான இடம் கிடைத்திருக்கும்.

முதல் நாளே அவர் விதியைச் சொன்னார். “கை காமிச்சாள்னா ஆத்துல யாரும் பார்க்கப்படாது. புரிஞ்சாலும் புரியாத மாதிரி இருந்துடணும். கைக்கே காரியம் நடக்கறதுன்னா அவ எதுக்கு வாயைத் திறப்பா?”

அம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எட்டாவது வரை படித்தவள். அவள் கையெழுத்தில் அந்த ‘புரியாத மாதிரி’ என்ற வார்த்தைகளுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவளிடம், நீ என்ன பாவம் செய்தாய் என்று கேட்காமல், நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவள் அதை விடுவாளா?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கண் அவிந்துபோயிற்று. தங்கை உள்ளங்கையைக் குழித்து வாயருகே கொண்டுபோவாள். பெரியம்மா, சித்தி, அம்மா, எல்லாரும் குனிந்து “தண்ணி, சொல்லு, தண்ணி” என்பார்கள். அவள் ஒவ்வொரு வாயாகப் பார்ப்பாள். பிறகு கொல்லைக் குழாயடிக்குப் போய்த் தானே குடித்துவிட்டு வருவாள். அதையும் தடுக்க வேண்டும் என்று குழாய்க்கு, அவளால் திறக்க முடியாதபடி, ஒரு மூடி போட்டார்கள்.

எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. யார் விதியை மீறினாலும் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால், கடையிலிருந்து அப்பா கொண்டுவரும் கட் பீஸில் ஒன்று எனக்கு, பொம்மைக்குப் பாவாடை தைக்க. பெரியப்பா ஒருநாள் மிட்டாய் வேண்டுமா என்று தங்கையிடம் சைகையில் கேட்டதைப் போட்டுக்கொடுத்து நீலப் பட்டுத் துண்டு வாங்கினேன். இந்த உத்தியோகத்தை நான் மிக நன்றாகவே பார்த்தேன்.

சில மாதம் கழித்துக் காது மெஷின் வந்தது. கவுனின் மேல் தைத்த துணிப்பைக்குள் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் காதுக்குள் அடைக்கிற கெட்டியான ஒரு அச்சு. வலது காதில் அவளுக்குக் கொஞ்சம் கேட்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். முதலில் பிடுங்கிப் போடுவாள், அழுவாள், மனசு இளகிவிடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். அது ஒரு வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை தங்கை கொல்லைப்புறத்தில் என்னிடம் வந்தாள். காதின் அடியில் கிள்ளி உதறினாள். காதுக்குள் கட்டெறும்பு. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிய வார்த்தை. நான் குனிந்து அவள் முகத்துக்கு நேராக வாயை அகலமாகத் திறந்து, “சொல்லு. காது” என்றேன். அவள் மறுபடியும், இன்னும் வேகமாகக் கிள்ளினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சுற்றி வந்து என் எதிரே நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அச்சைப் பிடுங்கினாள், அம்மா மறுபடி மாட்டினாள். சனிக்கிழமை ஒன்பது தடவை பிடுங்கியதாக அம்மா நோட்டில் எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பிடுங்குவதை நிறுத்திவிட்டு என்னையே தேடி வந்து வந்து கிள்ளிக் காட்டினாள். வீட்டில் அத்தனை பேர் இருக்கும்போது என்னிடம்தான் வந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் “காது” என்றேன்.

திங்கட்கிழமை வகுப்பு. வெளியே பெஞ்சில் தாய்மார்கள் காத்திருப்பார்கள். அவர்களில் ஒரு அம்மா, அடையாற்று ஓரக் குடிசைகளிலிருந்து வருகிறவர்; அதே தெருவில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். அவருக்கு ஏழு வயதில் காது கேட்காத ஒரு மகன். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து ஓயாமல் கையால் பேசிக்கொள்வார்கள், அடக்கமுடியாமல் சிரிப்பார்கள். மற்ற தாய்மார்கள் நகர்ந்து உட்காருவார்கள். எங்கள் அம்மா எங்களைப் பெஞ்சின் மறுகோடியில் உட்காரவைத்து, அந்தப் பக்கம் பார்க்காதே என்பாள். அவர்களுடைய கை தொற்றிக்கொள்ளுமாம்.

தங்கை அன்று சத்தமில்லாமல் அழுதபடி காதைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா எழுந்து வந்து அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். தன் காதைக் கிள்ளிக் காட்டி, புருவத்தைத் தூக்கிக் கேட்டார். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான் ஆறு மாதமாகப் பார்க்காத வேகத்தில் கையை வீசி வீசிச் சொன்னாள்.

“யம்மா, பாப்பாவுக்கு காதுக்குள்ள இன்னாவோ கடிக்கிதாம். அந்தப் பொட்டிய கயட்டிட்டு பாரு” என்றார் அந்த அம்மா.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் பிள்ளையிடம் கையைக் காட்டாதீர்கள் என்றாள். சத்தம் கேட்டு டீச்சரம்மா வெளியே வந்தார். எத்தனை தடவை சொல்வது, நீங்கள் இப்படிச் செய்தால் மற்ற குழந்தைகளும் கெட்டுப்போகும் என்று அந்த அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

“அவன் இன்னா சொல்றான்னு எனக்கு தெரிது. நான் இன்னா சொல்றேன்னு அவனுக்கு தெரிது. உங்களுக்குத்தான் தெரில. அதுக்கு நாங்க இன்னா பண்றது?” என்று கேட்டுவிட்டு அவர் மகன் தோளைத் தொட்டு, “வா நைனா” என்றார். அதன்பிறகு அந்த வகுப்பில் அவர்களைப் பார்க்கவில்லை. பெஞ்சில் ஒருவர் பாக்கியில்லாமல் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

 திரும்பி வரும்போது, பஸ் தேனாம்பேட்டை தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, உண்மையச் சொல்லு. அவ என்ன சொல்லுதா? காதுக்குள்ள என்னமும் செய்யுதாமா?”

தங்கை அம்மா மடியில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் எனக்குப் பட்டது, அம்மா என்னைச் சோதிக்கிறாள் என்று. புரிகிறது என்று சொன்னால் அவள் கையைப் பார்த்திருக்கிறேன் என்று ஆகிவிடும். கண்காணிக்கிறவளே மாட்டிக்கொள்வதா? “தெரியலம்மா” என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். சரியான பதிலைச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, ஆறாவது நாள், காலையில் தங்கைக்கு உடம்பு கொதித்தது. தலையணை உறை மஞ்சளாக நனைந்திருந்தது. காதுக்குப் பின்னால் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். அப்பா கடையைக்கூடத் திறக்காமல் டாக்ஸி பிடித்தார். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் அச்சை எடுத்தபோது வந்த நாற்றம் இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. அச்சின் ஓரம் உள்ளே அறுத்து, புண்ணாகி, சீழ் பிடித்திருந்தது. எத்தனை நாளாக இப்படி, குழந்தை சொல்லவில்லையா என்று அவர் கேட்டார்.

“அவளுக்குப் பேச வராதுங்க சார்” என்றார் அப்பா. “ஒண்ணுமே சொல்லலீங்களே” என்று அம்மா அழுதாள். டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். ஆறு நாளில் நூறு தடவை சொன்னவள் கட்டிலில் கிடந்தாள். அத்தனையும் புரிந்த நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போதும் வாய் திறக்கவில்லை. இரண்டு பேரில் யாருக்குப் பேச வரவில்லை என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது.

புண் ஆறிற்று. அந்தக் காதில் இருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது. டீச்சரம்மா ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கே வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். போகும்போது, இன்னொரு காது இருக்கிறது, மனசைத் தளரவிட்டு மறுபடி கையில் இறங்கிவிடாதீர்கள் என்றார். அம்மா சரி என்றாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அவளிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். சொன்ன ஒருத்தியைத்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அனுப்பிவிட்டோமே.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், காதில் பஞ்சோடு தங்கை பாயில் படுத்திருந்தாள். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.  கதவைப் பார்த்துக்கொண்டே, என் காதின் அடியில் கிள்ளி, மெல்ல உதறி, புருவத்தைத் தூக்கினேன். இன்னும் கடிக்கிறதா?

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.  என் இரண்டு கையையும் எடுத்து என் மடியில் வைத்து, அவை மேலே எழாதபடி அழுத்திக்கொண்டாள். பிறகு வாயை அகலமாகத் திறந்து, நான் சொல்லிக்காட்டியது போலவே, “கா...து” என்றாள்.

நான் அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அவள் கையே காட்டவில்லை, என் கையைக்கூடப் பிடித்து நிறுத்திவிட்டாள், வாயால் சொன்னாள் என்றேன். வீடே கூடிவிட்டது. பெரியம்மா சொல்லச் சொன்னாள், சொன்னாள். சித்தி சொல்லச் சொன்னாள், சொன்னாள். அம்மா நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினாள். எழுதும்போது மையெல்லாம் கண்ணீரில் கலைந்தது.

அவள் அப்புறம் எத்தனையோ வார்த்தை சொன்னாள். சொல்லச் சொன்னதை எல்லாம் சொன்னாள். தானாக எதையும், எங்கள் யாரிடமும், என்னிடமும், பிறகு சொன்னதே இல்லை. என்னோடு பேசுவதை அவள் அன்றைக்குத்தான் நிறுத்திக்கொண்டாள் என்று எனக்குத் தெரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று. அன்று சாயங்காலம் நான் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, என் தங்கைக்குப் பேச்சு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனேன்.