நான் பலப்படுத்திய பச்சைக் கட்டு

2004-ஆம் ஆண்டு, லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டு மாடியறையில் தொடங்கிய கதை இது. கல்யாணமான மறுமாதமே சார்ஜாவுக்குப் போன என் கணவர், இரண்டு வருடம் கழித்து முதல் லீவில் வந்திருந்தார். சென்ட், பால்பவுடர், கோடாலித் தைலத்தோடு பெட்டியிலிருந்து இரண்டு சின்ன அட்டைப்பெட்டிகளையும் எடுத்தார். உள்ளே சீட்டுகள். ராஜா ராணி கிடையாது. படைவீரர்கள், பறவைகள், மிருகங்கள். அவருடைய அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் கற்றுக்கொடுத்த விளையாட்டாம். விரும்பிய சீட்டுகளைச் சேர்த்து நாமே கட்டு அமைக்கலாம். இவையோ கம்பெனியே அடுக்கி விற்கும் ரெடிமேட் கட்டுகள். அவருக்கு நீலம், எனக்குப் பச்சை.

"வூட்டுக்குள்ள சீட்டாட்டமா?" என்று மாமியார் முகம் சுளித்தார்.

"காசு வச்சி ஆடலம்மா, சும்மா வெளாட்டு" என்று கணவர் சமாளித்தார்.

மதியம் சாப்பிட்டு எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு ஆடுவோம். இரண்டு கட்டும் ஒன்றுக்கொன்று சமமானவை. அதனால் ஒரு ஆட்டம் முடிவதற்குள் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிடும். அடுத்து எதை இறக்குவது என்று யோசிக்கும் நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை போனில் அவர் பேசும்போது குடும்பமே சுற்றி நிற்கும். 'சாப்டீங்களா' என்பதைத் தாண்டி என்ன பேசிவிட முடியும்? சார்ஜாவுக்குப் போன புதிதில் பாத்ரூமில் நின்று அழுததைக்கூட ஒரு சீட்டைத் திருப்பிக்கொண்டேதான் சொன்னார். கட்டிக்கொண்டவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதே அந்தச் சீட்டுகளுக்கு நடுவில்தான்.

என் சீட்டுக்கட்டில் ஒரு யானை இருந்தது. பல சுற்று காத்திருந்தால்தான் அதை இறக்க முடியும், அதற்குள் ஆட்டம் பாதி ஓடிவிடும். ஒருவழியாக இறங்கினால், "இந்தா, ஒம் மாமியா வந்துட்டாங்க" என்று தன் அம்மாவையே கிண்டலடிப்பார். கீழே காதில் விழப்போகிறதே என்று நான் அவர் வாயைப் பொத்துவேன்.

லீவு முடிந்து அவர் போய்விட்டார். எனக்குக் கை சும்மா இருக்காது. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு முடிந்து பஸ் வரும்வரை பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்காருவேன். அங்கேதான் இந்த விளையாட்டுக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருப்பதைக் கண்டுபிடித்தேன். நம் சீட்டுகளின் பெயரை அடித்துக் கொடுத்தால் அதுவே பலமுறை ஆடிப் பார்த்து, எது தண்டம், அதற்குப் பதில் எதைச் சேர்க்கலாம் என்று சொல்லும். முதலில் யானையைத் தூக்கச் சொன்னது. தூக்கினேன். அது கேட்ட புதுச் சீட்டுகளைச் சிங்கப்பூரில் இருந்த என் அண்ணனிடம் சொல்லி, ஊருக்கு வருகிறவர்கள் மூலம் வரவழைத்தேன். கழித்த சீட்டுகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த லீவில் வரும்போது மச்சானை அசத்த வேண்டும், என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து அவர் வாயைப் பிளக்க வேண்டும். என் ஆசையெல்லாம் அதுதான்.

2006-இல் மறுபடி வந்தார். நீலக் கட்டு ஒரு மடிப்பில்லாமல் அப்படியே இருந்தது. முதல் மதியம் ஆடினோம். கீழே பாத்திரம் கழுவும் சத்தம்கூட ஓயவில்லை, நான் ஜெயித்துவிட்டேன்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றவர், நான் சாஃப்ட்வேர் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "பெரிய ஆளா ஆயிட்ட புள்ள!"

அடுத்த ஆட்டமும் அப்படியே. மறுநாள் கட்டுகளை மாற்றிக்கொண்டோம். இப்போது அவர் நொடியில் ஜெயித்தார். அதன்பின் சாப்பிட்ட கையோடு கடைத்தெருவுக்குக் கிளம்ப ஆரம்பித்தார்.

"ஏன் மச்சான், கோவமா?"

"கோவம்லாம் இல்ல. யாரு ஜெயிச்சா என்ன? ஒக்காந்த ஒடனே முடிஞ்சிருது. அப்பறம் ஒங்கிட்ட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். பிறகு, "பழைய சீட்டல்லாம் எங்க? திரும்பச் சேத்துரு" என்றார்.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பாதிச் சீட்டுகள் தொலைந்திருந்தன. மீதியைப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள், கம்பியில் பட்டு டகடகவென்று சத்தம் வருவதற்காக. யானைக்குத் தும்பிக்கையே இல்லை. அந்தச் சீட்டுகள் பெரம்பலூரில் எந்தக் கடையில் கிடைக்கும்? அண்ணனிடம் சொல்லி வரவழைப்பதற்குள் லீவே முடிந்துவிடும். சீட்டில்லாமல் இருவரும் சும்மா உட்கார்ந்து பார்த்தோம். மின்விசிறியைப் பார்த்தோம், கொட்டாவி விட்டோம். அவர் கூச்ச சுபாவம். நானும் கேட்கத் தெரியாதவள்.

அவர் திரும்பிப் போன பிறகு அவருடைய தம்பி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. லீவுக்கு வரும்போதே அவருக்கு வேலை போகும் நிலையாம். அந்த லீவு முழுக்க அந்தப் பாரத்தை அவர் தனியாகச் சுமந்திருக்கிறார். மதிய ஆட்டம் இருந்திருந்தால், யானை இறங்குவதற்குள் என்னிடம் சொல்லியிருப்பார்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். கடை, பிள்ளைகள் என்று நாள் ஓடுகிறது. பச்சைக் கட்டு பீரோவில் இருக்கிறது. ஜெயிக்க என்ன வழி என்று மட்டும்தான் அன்று அந்த சாஃப்ட்வேரிடம் கேட்டேன். எதிரே உட்கார்ந்து ஆடப்போவது யார் என்று அது கேட்கவில்லை, எனக்கும் அதை நினைக்கத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் இன்றுவரை மனம் ஆறவில்லை.