‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போன தங்கையின் பள்ளிக்கு

புரட்டாசி மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை சென்னை எழும்பூரில் நெல்லைக்கு ரயிலேறினேன். தாமிரபரணிக் கரைக்கோயில்களைப் பற்றி நான் முன்பு எழுதியவற்றைப் படித்தவர்கள் இதையும் தலயாத்திரை என்று எண்ண வேண்டாம். இம்முறை நான் போனது கல்லிடைக்குறிச்சிக்கு அப்பால், ஆற்றோரம் இருக்கும் பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு. அதை முப்பத்தாறு ஆண்டுகள் நடத்தியவள் என் தங்கை கோமதி. ஆவணியில் மறைந்தாள். அவள் உயிரோடிருந்த காலத்தில் ஒருமுறைகூட நான் அங்கே போனதில்லை.

அழைத்தவர் பள்ளியின் இப்போதைய பொறுப்பாளர் இசக்கிமுத்து. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோமதியின் முதல் மாணவர்களுள் ஒருவர். தொலைபேசியில் அவர் குரல் தளர்ந்திருந்தது.

“ஐயா, மழைக்கு முந்தி பிள்ளையள எப்படியாச்சும் வெளிய கொண்டாரணும். போன வருச வெள்ளத்துல பழைய கட்டடத்துச் சுவரு விண்டு விரிசல் விட்டுட்டு. புதுக் கட்டடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தயாரா இருக்கு. பதினாலு பேரும் வர மாட்டோம்ங்குதுவ. டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ‘வாரேன்’னு சொல்லிட்டுப் போனாவல்லா, அதான்.”

இதைப் புரிந்துகொள்ள அப்பள்ளியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஓர் அறைக்குள் நுழைகிறவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும். வெளியேறும்போது, திரும்பி வருவதாக இருந்தால் ‘வாரேன்’, வருவதில்லை என்றால் ‘போறேன்’. உள்ளே இருப்பவர்கள் ‘சரி’ என்று பதில் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ‘போறேன்’ என்பது அமங்கலம். எங்கே போனாலும் ‘போயிட்டு வாரேன்’ என்றே சொல்லி வளர்ந்தோம். கோமதி அதை மாற்றிக்கொண்டாள். ஒருமுறை நான் கடிந்தபோது சொன்னாள்: “அண்ணே, வாரேன்னுட்டு வராமப் போனா, அந்தப் பிள்ளை வாசப்பக்கம் காதை வச்சிக்கிட்டு ராத்திரி வரைக்கும் உக்காந்திருக்கும்.” அப்படிப்பட்டவள், நெஞ்சு வலியோடு பாளையங்கோட்டை மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது, வாசலில் நின்று ‘வாரேன்’ என்றிருக்கிறாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

இனி என் பங்கு. அன்று இசக்கிமுத்து என்னிடம் ஒன்று கேட்டார்: ஒரு மணி நேரம் உடலைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியுமா என்று. பொழுது சாய்வதற்குள் தகனம் முடிய வேண்டும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பார்க்க முடியாத பிள்ளைகளுக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது?” என்றும் கேட்டேன். நெல்லை ஆற்றங்கரைச் சுடுகாட்டில் நானே கொள்ளி வைத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு நெல்லைச் சந்திப்பில் இறங்கினேன். அருகில் விடுதி அறை தொள்ளாயிரம் ரூபாய். தூய்மையாக இருந்தது, கொசு மட்டும் அதிகம். ஆற்றில் நீராடி, திருநீறு பூசி, வழக்கமான பதிகங்களை ஓதி முடித்தேன். இசக்கிமுத்து மாலையில்தான் வரச் சொல்லியிருந்தார். புதிய பேருந்து நிலையத்தில் பிற்பகல் இரண்டு ஐம்பதுக்குப் பாபநாசம் வண்டி. கல்லிடைக்குறிச்சி வரை ஏறக்குறைய முப்பத்தேழு கிலோமீட்டர். கட்டணம் நாற்பது ரூபாய். ஒன்றேகால் மணி நேரம். சேரன்மகாதேவி தாண்டியதும் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்தால் வயலும் வாழையும் கண்ணை விட்டு அகலாது. அன்று மலை மட்டும் கருமேகத்துள் மறைந்திருந்தது.

அங்கிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றிருபது ரூபாய். ஓட்டுநர் காதர், ஐம்பது வயதிருக்கும். பள்ளியின் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

“டீச்சருக்குச் சொந்தமா? முகச்சாடை இருக்கு.”

“அண்ணன்.”

“அண்ணன் ஒருத்தர் உண்டும்னு இத்தன வருசமா யாரும் சொல்லலியே, அண்ணாச்சி!” என்று சிரித்தவர், நான் சிரிக்காததைக் கண்டு பேச்சை மாற்றினார். “திரும்பப் போகணும்னா ஏழு மணிக்கு வந்து ஆல மரத்தடியில நிக்கேன். உள்ள வர மாட்டேன். பொழுதடைஞ்சா அங்கன விளக்கே போட மாட்டாவ. கும்மிருட்டுக்குள்ள பிள்ளையள் சிரிக்க சத்தம் மட்டும் கேக்கும். பழகின எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.”

பள்ளிக் கட்டடம் ஒரு காலத்தில் நெல் சேமித்த கிடங்கு. கோமதி தன் இருபத்து நான்காம் வயதில் நான்கு பிள்ளைகளோடு அங்கே தொடங்கினாள். கண்ணின்மை முன்வினைப் பயன் என்றும், அதில் நாம் தலையிடலாகாது என்றும் சாத்திரம் காட்டி நான் தடுத்தது அப்போதுதான். ஆறு பள்ளமுள்ள முட்டை அட்டைத் துண்டில் புளியங்கொட்டைகளை வைத்து ஆறு புள்ளி பிரெயில் எழுத்தைக் கற்பித்தாள் என்று, வாசலில் என்னை எதிர்கொண்ட இசக்கிமுத்து சொல்லி, ஓர் அட்டையை என் கையில் கொடுத்தார். ஓரமெல்லாம் விரல் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது. அதில் ‘அ’ எழுதக் கற்றவர்களுள் இருவர் இன்று வங்கியிலும் ஒருவர் நீதிமன்றத்திலும் வேலை பார்க்கிறார்களாம். நீரின் ஓசையைக் கேட்டு ஆழத்தைச் சொல்லவும், துணி தேய்க்கவும், ஏமாற்றும் கடைக்காரரை அதட்டவும்கூட அவளே பழக்கியிருக்கிறாள்.

“நான் சொன்னா நம்பாதா இந்தப் பிள்ளையள்?” என்று கேட்டார் இசக்கிமுத்து, என்னையல்ல, சுவரை நோக்கி. பிறகு, “‘டீச்சர் இறந்தத நீங்க பாத்தியளா சார்?’ங்குதுவ. நான் என்னத்தப் பாத்தேன்! தொட்டுப் பாத்தாத்தானே எங்களுக்கு. ஒங்கள மாதிரி பேப்பர்ல போட்டோ பாத்து அழுவமா?” என்றார்.

சுவரின் வெடிப்பில் என் இரண்டு விரல் உள்ளே போயிற்று.

படித்துறையிலிருந்து படிப்பறை வாசல் வரை, இடுப்பளவு உயரத்தில், முடிச்சிட்ட கயிறு ஒன்று ஓடுகிறது. பிள்ளைகள் ஆற்றுக்குப் போய் வரும் வழி அது. கோமதியும் மாலைக் குளியல் முடிந்து அதைப் பிடித்தபடியே ஆறரைக்கு வருவாளாம். கண் இருப்பவளுக்குக் கயிறு எதற்கு? “அவிய வாரது கயித்துல எங்களுக்குத் தெரியணும்லா” என்றார் இசக்கிமுத்து.

ஆறேகாலுக்கு இருட்டிவிட்டது. படிப்பறைக்குள் நுழைந்தேன். ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தில் விரல்கள் உரசும் ஓசை மட்டும், நெல் குத்துமிடத்தில் தவிடு உதிர்வதுபோல, அறை முழுதும் கேட்டது. இருட்டில் பதினான்கு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் பெயர் சொல்ல மறந்து நின்றேன். ஓசை ஒருசேர நின்றது.

“யாரோ வந்திருக்கு. பேரு சொல்லல” என்றது ஒரு சிறுமியின் குரல்.

“சுப்பிரமணியன். கோமதி டீச்சருடைய அண்ணன்.”

“டீச்சர் குரல் மாதிரியே இருக்கு” என்றாள் அவள். ஆமினா, ஒன்பது வயது என்று பின்னர் அறிந்தேன். “கொஞ்சம் பொறுங்க. டீச்சர் வார நேரம்.”

வாசலில் கயிறு முறுகும் ஓசை கேட்டது. நான் கை நீட்டிப் பிடித்தேன். யாரோ அடுத்த முனையில் பற்றி நடப்பதுபோல, அது மெல்ல இழுத்தது, தளர்ந்தது, மீண்டும் இழுத்தது. காற்று என்று எழுதிவிடலாம். வெளியே ஓர் இலையும் அசையவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்ற அரவம் கேட்டது.

நாள்தோறும் உடம்பு பொய்யென்று ஓதுகிறவன், கயிற்றை விடாமல் பற்றிக்கொண்டேன். பிறகு சொன்னேன். “டீச்சர் வர மாட்டா. அவ உடம்புக்கு நான்தான் தீ வச்சேன். இந்தக் கையால. உங்ககிட்டக் கொண்டுவரச் சொன்னாங்க, நான்தான் வேண்டாம்னேன். தப்பு என்னுது.”

பின் ஒரு சிறு கை என் கையைத் தேடிப் பிடித்தது. அடுத்து இன்னொன்று. பதினான்கு பிள்ளைகளும் வரிசையாக வந்து என் உள்ளங்கையை, விரல் விரலாக, ஒரு பக்கத்தைப் படிப்பதுபோலத் தடவிப் பார்த்தார்கள். விரல்கள் குளிர்ந்திருந்தன. ஆமினா என் கையை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

“ஆமா. சாம்பல் வாசம் அடிக்கு.”

காலையில் பூசிய திருநீறு அது. திருத்த வாயெடுத்தேன். திருத்தவில்லை.

“அப்ப வர மாட்டாவ” என்றாள் அவள். யாரோ தேம்பினார்கள். இசக்கிமுத்து பெயர்களைக் கூப்பிட, ஒவ்வொருவரும் இருட்டை நோக்கி “போறேன் டீச்சர்” என்று சொல்லி, முன்னிருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். சாலை கடந்து அவர்களின் காலடி ஓசை தேய்ந்தது.

கடைசியாக நான். எழுபத்து நான்கு ஆண்டுப் பழக்கம், வாசலில் திரும்பி, “வாரேன்மா” என்றேன்.

பூட்டோடு வெளியே நின்ற இசக்கிமுத்துவின் கை அப்படியே நின்றது. “உள்ள இன்னும் யாரு இருக்கா?”

“யாரும் இல்லை.”

“அப்ப, ‘சரிண்ணே’ன்னு சொன்னது யாரு?”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் பூட்டினார், இருமுறை இழுத்துப் பார்த்தார். காதர் ஆல மரத்தடியில் காத்திருந்தார். ஏழு நாற்பதுக்கு நெல்லைக்குப் பேருந்து கிடைத்தது.

போக விரும்புவோருக்கு: மாலைக்கு முன் போய்விடுங்கள், கடைசிப் பேருந்தை நம்ப வேண்டாம். பழைய துணியைவிட வெற்று முட்டை அட்டைகள் அங்கே பயன்படும். மணிமுத்தாறு அருகில்தான், காலையில் அருவி பார்த்துவிட்டு வரலாம். யார் கையைப் பிடித்தாலும் உதறாதீர்கள். அறைக்குள் நுழைந்ததும் பெயர் சொல்லுங்கள். போகும்போது, திரும்பி வருவது உறுதியானால் மட்டும் ‘வாரேன்’ என்று சொல்லுங்கள்.

பிள்ளைகள் புதுக் கட்டடத்தில் நலமாக இருக்கிறார்கள். ஆமினாதான் முதலில் அங்கே கயிறு கட்டக் கேட்டாளாம். பழைய கட்டடத்தைத் தை மாதம் இடிக்கப் போகிறார்கள். கார்த்திகை கடைசி வாரத்துக்கு ரயில் முன்பதிவு செய்துவிட்டேன். வேண்டாம் என்கிறான் என் மகன். அந்த அறையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்; ‘சரி’ என்று பதிலும் கிடைத்திருக்கிறது.