விலகி நிற்கச் சொல்லும் மூக்கு

மூக்கின் நடுவில் பட்டையை வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் கன்னத்தை நோக்கி நீவிவிடுகிறாள் பொன்மணி. ஒரு தரம் மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். விடிந்தும் விடியாத விஸ்வநத்தம் சாலை, கருவேல மரங்களோடும் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் முதல் வேனோடும், சத்தமில்லாமல் அவள் மூக்குக்குள் போய் வருகிறது. அதன் பிறகுதான் கால் கிளம்பும்.

பதினேழு வயது. பெரிய ஓட்டக்காரிகள் மூக்கில் ஒட்டும் மூச்சுப் பட்டையைச் செல்போனில் பார்த்து, மதுரைக் கடையில் விலை கேட்டு, வாய் வழியாக மூச்சுவிட்டபடி ஊர் திரும்பியவள். வந்ததும் சொந்தமாகத் தயாரிப்பில் இறங்கிவிட்டாள். அப்பா சங்கிலிமுத்து அச்சகத்தில் லேபிள் வெட்டுகிறவர்; நிறம் பிசகிய ஸ்டிக்கர் தாள்களைக் கொண்டுவருவார். பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடாவை ஈர்க்குச்சி அளவுக்குக் கீறி அடியில் வைத்தால், வில்லாக விறைத்து மூக்கைத் தூக்கிப் பிடிக்கும். ஒரே குறை, எல்லாம் பட்டாசு லேபிள். அவள் மூக்கின் மேல் சிவப்பு எழுத்தில், ‘பற்றவைத்ததும் விலகி நிற்கவும்’.

“பொண்ணு பாக்க வாரவுக இதப் படிச்சா என்ன நெனைப்பாக?” என்பாள் அம்மா முருகம்மாள்.

“விலகி நிப்பாக. நல்லதுதானம்மா.”

பட்டை ஒட்டிய நாளில் அவள் ஓடுவதே இல்லையாம். காற்று உள்ளே புகுந்து, அதுவே தூக்கிக்கொண்டு போகிறதாம். விட்டால் இருக்கன்குடி ஆற்றில் கொண்டுபோய் இறக்குமாம்.

விளையாட்டு ஆசிரியர் சுந்தரபாண்டி இதை நம்பவில்லை. பட்டையோடு நான்கு நாள், பட்டை இல்லாமல் நான்கு நாள் ஓடவிட்டார். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், இரண்டிலும் ஐந்து நிமிடம் பதின்மூன்று விநாடி. ஐந்து பத்துக்குள் வந்தால்தான் மாநிலப் போட்டி.

“ஏத்தா, மூக்குல ஒண்ணுமில்ல. வாட்ச்சு ஒரே மாதிரித்தான் சொல்லுது.”

“அது வாட்ச்சு சார். அதுக்கு மூக்கா இருக்கு?”

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள். விருதுநகர் மைதானத்தில், கோட்டருகே நின்ற அதிகாரி அவள் முகத்தை இரண்டு முறை வாசித்தார்.

“எந்தக் கம்பெனி விளம்பரம்மா இது? அனுமதி கிடையாது. எடு.”

“விளம்பரம் இல்ல சார், எச்சரிக்கை.”

“யாருக்கு?”

பக்கத்தில் நின்ற பெண்கள் அரையடி தள்ளி நின்றார்கள். பொன்மணி பட்டையை உரித்தாள். கீழே போட மனம் வராமல், நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையில் ஒட்டிக்கொண்டாள். வெறும் மூக்கோடு நிற்பது, ஊர் நடுவே செருப்பில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

முதல் சுற்றில் மூக்கைத் தவிர எதுவும் நினைவில்லை. இரண்டாவது சுற்றில் எங்கோ கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக அடுக்கிய மிளகாய் வத்தலின் நெடி மெல்ல வந்தது. அதைத் தேடிக்கொண்டே மூன்றாவது சுற்றும் போயிற்று. மைதானம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அசைந்தது. யாரோ தன் பெயரைக் கத்துவது, இருக்கன்குடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. கோடு காலுக்கடியில் கடந்துபோனது.

சுந்தரபாண்டி வாட்ச்சைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார். “அஞ்சு எட்டு! மாநிலத்துக்குப் போறத்தா! பாத்தியா, மூக்குல ஒண்ணுமே இல்லாம...”

பொன்மணி ஒரு கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். எண் அட்டையிலிருந்து பட்டையை உரித்து, வியர்வையைத் துடைத்துவிட்டு மூக்கின் நடுவில் வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் கன்னத்தை நோக்கி நீவிவிட்டாள். மூச்சை ஆழ இழுத்தாள். பிறகுதான் குனிந்து வாட்ச்சைப் பார்த்தாள்.