பகல் தூக்கத்துக்கு ஓர் ஏர்கோன்

கோலா சாவா பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே, உச்சி வெயில் நேரத்தில் தூங்கிப் பார்த்தவர்கள் மட்டும் ஏர்கோன் ஆடம்பரம் என்று என்னிடம் சொல்ல வரலாம். மற்றவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.

எனக்குச் சிரம்பானில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலை. அங்கே நான் லைன் லீடர். ஒரு வரிசைப் பெண்களுக்கு நான் சொல்வதுதான் சட்டம். அந்த இடம் எனக்குத் தானாகக் கிடைக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கம்பி ஒட்டி, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, பேச்சு வாங்கி, திருப்பிப் பேசி வாங்கிய இடம். காலையில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுக்கும்போதே வெயில் கூரையில் ஏறியிருக்கும். தகரம் படபடவென்று வெடிக்கும். விசிறி மேலேயிருக்கும் சூட்டை அள்ளி என் மேல் கொட்டும். தலையணை நனைந்து நான் எழுந்து உட்காரும்போது, படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

ஓர் இரவு வேலையிடத்தில் நின்றுகொண்டே கண் அசந்துவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் பகல் ஷிப்டுக்கு மாற்றிவிடுவேன் என்றார். பகலில் லைன் லீடர் இடம் காலி இல்லை. அதாவது, மறுபடியும் அதே ஸ்டூல், அதே கம்பி. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கே படுக்கையறைக்கு ஏர்கோன் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் நாங்கள் மூன்றே பேர். நான், என் கணவர், அவருடைய அம்மா. அத்தைக்கு ஏர்கோன் என்றாலே ஆகாது.

"அந்தக் காத்து எலும்புக்குள்ள பூந்துக்கும். அப்புறம் யாரு ஒனக்குத் தைலம் தேய்க்கிறது?" என்றார்.

"நீங்கதான் அத்த," என்றேன்.

மாட்டுவதற்குப் பக்கத்து டவுன் ரந்தாவிலிருந்து ஒரு சீனர் வந்தார். உள்பெட்டியைச் செங்கல் சுவரில் மாட்டினார், வெளிப்பெட்டியைக் கொல்லைப் பக்கம் வைத்தார், செம்புக் குழாயை வளைத்து இரண்டையும் சேர்த்தார். கிளம்பும் முன் அண்ணாந்து பார்த்து, "மேலே மூடவில்லையா?" என்று மலாயில் கேட்டார். "பியாசா லா," என்றேன், எப்போதும் இப்படித்தான் என்ற அர்த்தத்தில். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேனில் ஏறினார்.

பழைய தோட்டத்து வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் பலகைச் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே வீடு முழுக்க ஒரே வெளிதான். நான் பிறந்த வீடும் அப்படி, வாழவந்த வீடும் அப்படி. சுவர் என்றால் பாதியில் நிற்பது என்றே பழகிய எங்களுக்கு அது ஒரு திறப்பாகத் தோன்றவே இல்லை. மேலே மூடாமல் ஏர்கோன் மாட்டும் தவற்றை வேறு யார் செய்திருப்பார்கள்?

மறுநாள் முழுப் பகலும் ஏர்கோன் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடியது. தகரத்துச் சூடு மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. நான் வேர்வையில் கிடந்தேன். அடுத்த அறையில் அத்தை, துளிக் குளிர்கூட இல்லாத இடத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் வந்து எட்டிப் பார்த்து, "கூரையெல்லாம் நல்லா ஜில்லுன்னு இருக்கும் லா," என்றார். அவர் சிரித்த சிரிப்புக்கு அன்று சோறு போட்டதே பெரிய விஷயம்.

ஆனால் எனக்கு வழியும் அவரிடமிருந்துதான் கிடைத்தது. ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் சாலையோரத்து பேனர்களைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் வைப்பது அவர் வழக்கம். எங்கள் பக்கத்தில் பாதிக் கோழிக்கூண்டுகளுக்குக் கூரை அதுதான். நல்ல தடித்த துணி, மழைக்கும் அசையாது. தேர்தலுக்குத் தேர்தல் வந்து சிரித்துவிட்டுப் போகும் முகங்கள், கோழிகளுக்காவது நிழல் தருகின்றன. நான் கொட்டகைக்குப் போய் எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டேன்.

"ஏய், அது ஆட்டுக் கொட்டாய்க்கு வெச்சிருக்கேன்!" என்று ஓடிவந்தார்.

"ஆடு நைட்டு வேலைக்கா போவுது?" என்றேன். அவர் ஏணியை எடுக்கப் போனார்.

கோயில் திருவிழாவுக்குப் பந்தல் கட்டுகிற கை அவருடையது. சுவரின் மேல்விளிம்பில் சுற்றிலும் சட்டம் அடித்து, பேனரை இழுத்துக் கட்டினால் முடிந்தது வேலை. அவர் ஏணியில் ஏறியதும் அத்தை உள்ளே வந்து என் கட்டிலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இறங்கமாட்டேன் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. குளிருக்குப் பயந்துதான் இந்த நாடகம் என்று நினைத்து, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லத் தயாரானேன்.

"மேல மூடிட்டா, நான் கூப்புடுறது யாருக்கும்மா கேக்கும்?" என்றார்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் அவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். அந்தச் சத்தம் சுவருக்கு மேலாக வந்துதான் நான் ஓடினேன். பகலில் மகன் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அவருக்கு இருப்பது நான் ஒருத்திதான், அதுவும் தூங்கிக்கொண்டு. சுவருக்கு மேலே இருந்த அந்த வெளி எனக்கு வெறும் ஓட்டை, அவருக்கு அது உயிர். என் கோபம் போன இடம் தெரியவில்லை. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பகல்ல நீங்களும் இங்கயே வந்து படுங்க அத்த."

"மருமக கட்டில்ல மாமியாரு படுக்கவா? நல்லாருக்கே!"

"கட்டிலு ஒங்க மவன் வாங்குனதுதானே."

ஏணி மேலிருந்த மகன், "ரெண்டு பேரும் கட்டில விட்டு எறங்குனா நான் ஆணி அடிப்பேன்," என்றார்.

முகங்களை மேல்பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னேன், தூங்கும்போது யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று. இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி, பலகை இடுக்குகளில் துணியைத் திணித்ததும், அறை வெள்ளைக் கூரை போட்ட புது அறையாகிவிட்டது. ஒருவருடைய மீசை மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அதை நாங்கள் யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து கதவைச் சாத்தி ஏர்கோனைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் கையில் ரோமம் சிலிர்த்து நின்றது. எங்கள் வீட்டில், பட்டப்பகலில், நான் போர்வை தேடினேன்! எனக்குச் சிரிப்பு வந்தது, கத்த வேண்டும்போல இருந்தது. அத்தை ஸ்வெட்டரும் காதில் பஞ்சுமாக வந்து சுவரோரம் படுத்து, "நான் சும்மா படுத்திருக்கேன், தூங்கமாட்டேன்," என்றார். எனக்கு முன்னால் குறட்டை விட்டது அவர்தான்.

அப்புறம் எல்லாம் மாறியது. வெளிப்பெட்டி ஊதும் சூட்டில் துணி சீக்கிரம் காய்கிறது என்று கண்டுபிடித்து, அத்தை அதன் எதிரே கொடி கட்டினார். இரவெல்லாம் என் கண் விழிப்பாக இருந்தது. என் வரிசையில் வேலை ஓடிய ஓட்டத்தைப் பார்த்து சூப்பர்வைசர் பகல் ஷிப்டு பேச்சையே எடுக்கவில்லை. நானாகவே போய், "எப்போது மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். அந்த ஒரு சொறிதலுக்காக இன்னும் இரண்டு ஏர்கோன்கூட மாட்டலாம்.

ஒரு நாள் சாயங்காலம் தூங்கி எழுந்து, தலையை அள்ளி முடிந்துகொண்டு கதவைத் திறந்தேன். முன்னறை நிறைய ஆட்கள். கணவரின் அத்தை குடும்பம், கெமாஸிலிருந்து மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். மடியில் தாம்பாளம், எதிரே குடித்து முடித்த தேநீர்க் குவளைகள். வந்து நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும். இப்படி விருந்தாளி வந்தால் முன்பெல்லாம் அத்தை என்னை உலுக்கி எழுப்பி, பகலில் தூங்கினேன் என்று தெரியாதபடி முகம் கழுவவைத்துத்தான் வெளியே விடுவார்.

நான் பதறிப்போய், "ஏன் அத்த என்னைய எழுப்பல?" என்றேன்.

கெமாஸ் அத்தைதான் பதில் சொன்னார். "எங்க எழுப்ப விட்டாங்க? கதவுகிட்டகூட போவக் கூடாதாம். மெதுவா பேசுங்கன்னு எங்களயே அதட்டுறாங்க லா."

அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ராத்திரி பூரா வேல பாத்துட்டு வர்றா. லைன் லீடரு அவ," என்றார். பிறகு தாம்பாளத்தைக் காட்டி, "இப்பக் குடுங்க, அவ கையிலயே குடுங்க," என்றார்.