நின்று இழைக்க ஒரு மேசை

திருப்பதி ஆஸ்பத்திரியில் என் இடுப்பில் செயற்கை மூட்டு வைத்துத் தைத்து அனுப்பிய அன்று டாக்டர் தெலுங்கில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"ஜீவிதாந்தம் கிந்த கூர்ச்சோகூடது."

ஆயுசுக்கும் கீழே உட்காரக் கூடாது. சம்மணம் கூடாது, குந்தக் கூடாது. மாத்திரை எப்போது போடுவது என்று நர்ஸ் சொன்னபோது தலையாட்டிய மாதிரியே என் மனைவி இதற்கும் தலையாட்டினாள். இனி நான் தச்சன் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்தில் நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் மரவேலை செய்வோம். கட்டையைக் கீழே போட்டு, ஒரு காலை மடக்கி, இன்னொரு காலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழைப்போம். சின்னத் துண்டு என்றால் கால்விரல்களே கவ்விக்கொள்ளும். கரண்டில் ஓடும் இழைப்பு மிஷின் வந்த பிறகும் கட்டையைப் பிடிப்பது கால்தான். எனக்குக் கைவேலை சுத்தம் என்று பேர். முப்பது வருஷம் அந்தப் பேரை நம்பி நானும் கைகளைத்தான் மெச்சிக்கொண்டிருந்தேன். திருப்பதியில் ஒரு அடுக்குமாடியில் ஜன்னல் மாட்டும்போது சாரத்திலிருந்து விழுந்த பிறகுதான் பாதி வேலையைச் செய்தது கால் என்று தெரிந்தது.

சித்தூர் பக்கம் குடிபாலாவில் எங்கள் வீட்டுக் கட்டிலில் ஐந்து மாதம் கிடந்தேன். ஆறாம் மாதம் நான் வழக்கமாகச் சேர்ந்து வேலை செய்யும் கொத்து மேஸ்திரி வந்தான். என்னைவிட இளையவன். சித்தூருக்கு வெளியே ஒரு வீடு எழும்புகிறது, தலைவாசலோடு சேர்த்து மூன்று கதவுக்கு வாசக்கால் வேண்டும், முகூர்த்தத்துக்கு இருபது நாள் இருக்கிறது என்றான்.

"ஒன்னால ஆவாதுன்னா இப்பவே சொல்லிடுண்ணா. நான் ரெடிமேடுக்குப் போய்க்கிறேன். வருத்தம் ஒண்ணும் இல்ல."

"ஆவும்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். இந்த வேலையை விட்டால் அடுத்த வேலைக்கு யாரும் என் வாசல் மிதிக்க மாட்டார்கள். ஒரு தச்சன் ஓய்ந்துவிட்டான் என்ற சேதி சித்தூர் மரக்கடைகளுக்குப் போய்ச் சேர ஒரு மத்தியானம் போதும். மறுநாளே வேப்பங்கட்டைகள் வந்து இறங்கின. நான் ஊன்றுகோலோடு நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் எந்தெந்த ஊர்க்காரர்களோ மரவேலை செய்வதைப் பார்த்தேன். எல்லாரும் மேசை முன்னால் நின்றுகொண்டு இழைக்கிறார்கள். கட்டையை மேசை ஓரத்தில் வைஸ் என்ற இரும்புப் பிடி கவ்விப் பிடிக்கிறது. ஒருவரும் காலைப் பயன்படுத்தவில்லை. எனக்கு வேண்டியது இதுதான் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

ஆனால் அந்த மேசையைச் செய்யவே கட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகைதான் என் பட்டறை. அங்கே இரண்டு பக்கமும் சிமெண்ட் கல் அடுக்கி, அதன்மேல் பழைய மாமரச் சட்டத்தைக் கிடத்தி, உயரமான நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் சட்டம் துள்ளியது. மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து சட்டத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாளிலிருந்து மாந்தோப்புக் கூலிக்கும் போகவில்லை.

நான் கொட்டகைக் கதவைச் சாத்தினேன்.

"ஏன்யா கதவ மூடுற? உள்ள வேகுது."

"ஜனங்க பாப்பாங்க."

"பாத்தா இன்னாவாம்?"

பெண்டாட்டியை உட்கார வைத்து உளி பிடிக்கிறான் என்று டீக்கடையில் ஆறு மாதத்துக்குச் சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. இந்த மேசை மட்டும் எழுந்து நின்றுவிட்டால் யார் தயவும் வேண்டாம், அவள் தயவும் வேண்டாம். வெளியே சொல்லவில்லையே தவிர மனதில் ஓடியது அதுதான். தகரத்தின் கீழே அவளுக்கு வியர்வை ஊற்றியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டு நாளில் மேசை நின்றது. நாலு கால், குறுக்குச் சட்டங்கள், மேலே தடித்த பலகை. சித்தூர் ஹார்டுவேர் கடையிலிருந்து வாங்கிவந்த வைஸை ஓரத்தில் முடுக்கினேன். மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்து, முதல் வேப்பங்கட்டையை வைஸில் கொடுத்து இறுக்கினேன். நின்றுகொண்டு இழைப்புளியைத் தள்ளினேன்.

போகவில்லை. உட்கார்ந்து இழைக்கும்போது முதுகும் தோளும் சேர்ந்து தள்ளும். நிற்கும்போது இடுப்பு தள்ள வேண்டியிருந்தது. என் இடுப்புக்கு அந்தத் தெம்பு எங்கே? இழைப்புளி கோணிக்கொண்டு ஓடியது. மிஷினை எடுத்தால் உதறலில் இடது கால் துவண்டது. மேசை உயரம் அதிகம் என்று நினைத்தேன். கால்களில் நாலு விரற்கடை அறுத்தேன்.

கொஞ்சம் தேவலை. அதுதான் என்னைக் கெடுத்தது. மறுநாள் இன்னும் நாலு விரற்கடை அறுத்தேன். கைக்கு இதமாக இருந்தது, முதுகுதான் வளைந்தது. அடுத்த நாள் ஒரு சாண் அறுத்தேன். முப்பது வருஷம் தரையில் பழகிய கை, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் புத்தி கெட்டு அறுத்துக்கொண்டே போனேன்.

"மேசை செய்றியா, மணை செய்றியா?" என்றாள் மனைவி.

அப்போதுதான் பார்த்தேன். மேசை என் முழங்காலுக்கு வந்திருந்தது. அதில் நின்று இழைக்கவும் முடியாது, அதற்காகக் கீழே உட்காரவும் முடியாது. வைஸில் இருந்த வேப்பங்கட்டையோ நடுவில் குழி விழுந்து கிடந்தது. சாரத்திலிருந்து விழுந்தபோதே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றியது. அதை வாய்விட்டுச் சொன்னேன். அவள் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை.

முகூர்த்தத்துக்கு ஆறு நாள் இருந்தது. மேஸ்திரிக்குப் போன் போட்டு, கட்டையை எடுத்துக்கொண்டு போய்விடு என்றேன். ஒரு மணி நேரத்தில் சின்ன லோடு வண்டியோடு வந்துவிட்டான். கூட வந்த ஆள் கட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்ற, இவன் வந்து அந்தக் குட்டை மேசை மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சும்மா இருக்காமல் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தான். பிறகு குனிந்து, காலும் சட்டமும் சேரும் மூலையை விரலால் தடவினான்.

"ஒரு ஆட்டம் இல்லியேண்ணா. அடிபடறதுக்கு முன்ன செஞ்சதா?"

"போன வாரம்."

"கீழ உக்காராம எப்டிண்ணா துள போட்ட?"

நான் வண்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். மோர் கொண்டுவந்த மனைவி சொம்பை அவன் கையில் கொடுத்தாள்.

"நான் கட்ட மேல உக்காந்துக்கினு இருந்தேன். அவரு துள போட்டாரு."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. மேஸ்திரி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்துவிட்டான். வண்டி மேலிருந்த ஆளும் சிரித்தான். நான் பயந்துகொண்டிருந்த அதே சிரிப்புதான், என் பட்டறையிலேயே வந்து நின்றது.

"சிரி நைனா, நல்லா சிரி. சிரிச்சிட்டு கட்டய எறக்கு" என்றாள் அவள்.

அவன் சிரிப்பு நின்றது. "அக்கா, நிஜமாவா? ஆறு நாள்தான் கீது."

"எறக்குன்னேன்ல."

ஆறு நாள் போதுமா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கட்டைகள் இறங்கின. அவள் கொட்டகைக் கதவு இரண்டையும் அகலத் திறந்து, சிமெண்ட் கல்லை எடுத்துக்கொண்டுபோய் வாசலோரம், காற்று வரும் இடத்தில் அடுக்கினாள். மேஸ்திரி ஒரு முனையும் அவள் ஒரு முனையுமாகத் தலைவாசல் கட்டையைத் தூக்கி வைத்தார்கள். அவள் அதன்மேல் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். இழைப்புளியைக் கட்டை மேல் வைத்தேன். அவமானத்தில் அவள் முதுகைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

"இன்னாத்தப் பாத்துக்கினு கீற? தள்ளு" என்றாள் திரும்பாமலே.

தள்ளினேன். கட்டை அசையவில்லை.