குண்டில் நான் கீறிய எழுத்து

துப்பாக்கி நிபுணர் சாமுவேல் காலமான செய்தி போன வாரம் ஸ்டேஷன் தபாலில் வந்தது. சென்னை லேபில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் நல்ல மனிதர். எனக்கோ அவர் முகத்தில் விழிக்கவே வெட்கம். அந்தக் கதையை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

கர்நாடக எல்லையோர நாட்றாம்பாளையத்தில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸோடு ரைபிள் வைத்திருந்த முனியப்பாவைக் கைது செய்தேன். பிணத்திலிருந்து டாக்டர் எடுத்துக் கொடுத்த குண்டு மாறிவிடக் கூடாதே என்று, பித்தளைச் சொம்பில் பெயர் வெட்டுவதுபோல, அதன் பக்கவாட்டில் பேனாக்கத்தியால் ‘க’ என்று கீறினேன். கந்தசாமி என்ற என் பெயரின் ‘க’. கைப்பற்றும் சாமான் எல்லாவற்றுக்கும் ஸ்டேஷனில் அப்படித்தான் செய்வோம்.

சாமுவேல் முனியப்பாவின் ரைபிளைப் பஞ்சுப் பெட்டிக்குள் சுட்டு, அந்தக் குண்டையும் என் குண்டையும் மைக்ராஸ்கோப்பில் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். விசாரணைக்கு முந்தின நாள் என்னைத் தேடி வந்தார்.

“ஒவ்வொரு துப்பாக்கியும் குண்டோட பக்கவாட்டுல தன் கோட்டைப் போட்டுத்தான் அனுப்பும். அதுக்கு மேல நீங்க கீறிட்டீங்க. அடிப்பக்கம் போட்டிருக்கக் கூடாதாய்யா? இது முனியப்பா துப்பாக்கியா இல்லையான்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. கோர்ட்ல உண்மையச் சொல்லிடுங்க. ஒரு மனுஷன் உயிரு.”

நான் சொல்லவில்லை. பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டாக்டரின் இடுக்கி பட்ட கீறல் என்று வாய் கூசாமல் புளுகினேன். சீ! அடுத்துக் கூண்டேறிய சாமுவேல் குரலை உயர்த்தாமல் இங்கிலீஷில் சொன்னார்: “இடுக்கிக்கு எழுதத் தெரியாது. அது தமிழ் ‘க’.” ஜட்ஜ் பூதக்கண்ணாடியில் குண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முனியப்பா விடுதலையானான்.

கன்னடம் மட்டுமே அறிந்தவனுக்கு அந்த இங்கிலீஷ் எங்கே புரியும்? என் சாட்சியால்தான் விடுதலை என்று நினைத்து, வாசலில் என் காலில் விழுந்தான். “நீவே காப்பாடித்ரி, சாமி!” காப்பாற்றியது நானாம்!

பின்னால் நின்ற சாமுவேல், “அவன்கிட்டயாவது சொல்லிடுங்க, கந்தசாமி” என்றார். நான் ஜீப்பில் ஏறிவிட்டேன். பதவி உயர்வு போனபோது, அந்த மனிதர்தான் என் பிழைப்பைக் கெடுத்தார் என்று நாலு பேரிடம் திட்டியும் திரிந்தேன். ஒரு வரி மன்னிப்புக் கடிதம்கூட எழுதவில்லை.

குண்டின் அடிப்புறத்தில் அடையாளமிடும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வோர் அறுவடைக்கும் முனியப்பா ஒரு மூட்டை ராகி கொண்டுவந்து, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போகிறான். இந்த வருஷமும் வாங்கி வைத்தேன்.